கிரேக்கத்துக் கட்டிலும் அஜக்ஸ் தாய்தகப்பனும்

பல்கலைக்கழகத்தில் எனக்கு விடைகொடுத்த விருந்தில் நான் ஆங்கிலத்தில் பேசியதைக் கேட்டவர்கள், என்னை மிகவும் நிதானமான பெண் என்று நினைத்துக்கொண்டு கேக் சாப்பிட்டார்கள். அந்தப் பேச்சில் பொய் எதுவும் இல்லை. உண்மையும் அவ்வளவாக இல்லை. மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் எங்கள் பிரிவில் இப்போது தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கென்று சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் சொன்னால் பாதி செத்துவிடும் என்பதால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நானும் கேக்தான் சாப்பிட்டேன்.

விண்ணப்பம், காப்புறுதி, விசா இதையெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைக் கொம்பியூட்டர் என்னைவிட நன்றாகச் சொல்லித்தரும். காலையில் வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல் ஒரு தாயும் தகப்பனும் உங்கள் கதவில் வந்து நிற்கும்போது என்ன செய்வது என்று அது சொல்லித்தராது.

எங்கள் கிரேக்கப் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோடையில் ஆறு கிழமை, ஒரு சின்னத் தீவு. காலையில் வகுப்பு. மிச்ச நேரமெல்லாம் அந்த ஊர்க் குடும்பங்களோடு அவர்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும். இடிந்த தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு வருகிற சுற்றுலா அல்ல. அவர்கள் சமைப்பதைச் சமைத்து, அவர்கள் அழுகிற இடத்தில் அழுது, அவர்கள் சண்டைபிடிக்கும்போது யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் முழித்துப் பழகவேண்டும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்த ஒரு கிரேக்கப் பெண்மணி. எங்கள் நகரத்தில் கிரேக்கர் கூடி வாழும் டான்போர்த் தெருப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். எங்கேயும் தன் பெயரை எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் பழைய பொஸ் என்றே சொல்கிறேன். புறப்படும் மாணவர்களுக்கு அவர் ஒரேயொரு புத்திதான் சொல்வார். "அந்த வீட்டில் விருந்தாளியாக இருக்காதே, பிள்ளையாக இரு." அவர் ஓய்வுபெற்ற பிறகு நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அழகான வசனம். அதற்குள் இருந்த வெடிகுண்டு எனக்குத் தெரியவில்லை.

அபிரா நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் அஜக்ஸ் என்ற ஊரிலிருந்து வந்த பிள்ளை. ஒரே மகள். பெற்றோர்களுக்கான கூட்டத்தில் தாய் சுகந்தி முன் வரிசையில் இருந்தார். மற்றப் பெற்றோர் பாதுகாப்பு, சாப்பாடு, வைத்தியசாலை என்று கேட்டார்கள். சுகந்தி ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, எனக்கு கிரேக்கமும் தெரியாது, ஒண்டும் தெரியாது. உங்கடை முகத்தைப் பாத்துத்தான் விடுறன்."

பிள்ளைகளே, உங்கள் முகத்தைப் பார்த்து யாராவது பிள்ளையை விட்டால், அன்றைக்கே கொஞ்சம் பயப்படத் தொடங்குங்கள். நான் பயப்படவில்லை. "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்று சிரித்தேன்.

மூன்று கிழமை ஒரு பிரச்சினையும் இல்லை. நாலாவது கிழமை வெள்ளிக்கிழமை காலை நான் ஒபிஸ் கதவைத் திறக்கும்போது சுகந்தியும் கணவரும் வெளியே நின்றார்கள். அவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் சரக்கேற்றும் பகுதியில் வேலை. இரவு வேலை முடித்து அந்த மஞ்சள் அங்கியோடேயே வந்திருந்தார். கையில் கார்த் திறப்பை வைத்துக் கிலுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நல்ல வேலை செய்துபோட்டியள்" என்றார் சுகந்தி.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். நல்லகாலம், சொல்லவில்லை.

அப்போது எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு மனேஜர் வந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண், நல்ல மனுஷி, விதிகளைச் சாமிப் படம் மாதிரி வைத்துக் கும்பிடுகிறவர். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, எங்கள் மூன்று பேரையும் கூட்ட அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய், என் காதுக்குள் விதியைச் சொன்னார். மாணவி பதினெட்டு வயதைத் தாண்டியவள். அவளுடைய சம்மதம் இல்லாமல் அவளைப் பற்றி ஒரு சொல்லும் பெற்றோருக்குச் சொல்லக்கூடாது. அவள் இந்தப் படிப்பில் இருக்கிறாள் என்பதைக்கூட ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடாது.

அந்தப் பிள்ளையை விமான நிலையத்தில் கொண்டுவந்து இறக்கியது அந்தத் தாயும் தகப்பனும். பக்கத்தில் நின்று கையாட்டி அனுப்பியது நான். சுகந்தி எனக்கு ஒரு பெட்டி கட்லட்டும் தந்தவர். ஆனாலும் இப்போது நான் அவர்களுக்கு முன்னால் இருந்து, அபிரா என்றொரு பிள்ளையைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளவேண்டும்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன். அதைக் கேட்க விதியில் தடை இல்லை.

சுகந்தி கைத்தொலைபேசியை மேசையில் போட்டார். ரெக்ஸ்டேலில் இருக்கும் ஒரு மாமி அனுப்பிய படம். யாரோ கிரேக்கப் பெட்டை போட்ட படத்தை, யாருடைய மகளுடைய சிநேகிதியோ பார்த்து, அது ஊர்சுற்றி விடியற்காலையில் மாமியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. படத்துக்குக் கீழே மாமி எழுதியிருந்தார்: "வாழ்த்துக்கள் சுகந்தி. எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் செய்துபோட்டியள். பேரனும் நல்ல வடிவு."

படத்தில் ஒரு பெரிய கட்டில். வெள்ளைப் பட்டு விரிப்பு. அதன்மேல் ரோசா இதழ், அரிசி, காசுத்தாள்கள். கட்டிலின்மேல் முழங்காலில் அபிரா, தலையில் பூ, முகமெல்லாம் சிரிப்பு. மடியில் ஒரு கொழுத்த ஆண் குழந்தை. பக்கத்தில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உயரமாக ஒரு பெடியன்.

உண்மையைச் சொல்கிறேன், நானும் அதையேதான் நினைத்தேன். பூப்போட்ட கட்டிலில் பெட்டையைக் கண்டால் நாங்கள் வேறு என்னத்தை நினைப்போம்? எங்களுக்கு அந்தக் கட்டில் ஒரேயொரு நாளில்தான் வரும்.

ஆனாலும் மூளை கொஞ்சம் வேலை செய்தது. "சுகந்தி, ஒரு பேச்சுக்குச் சொல்லுறன். ஒரு பிள்ளை போய் மூண்டு கிழமைதான் எண்டு வையுங்கோ. மூண்டு கிழமையிலை மடியிலை என்னண்டு குழந்தை வரும்?"

"அது உவன்ரை பிள்ளையாய் இருக்கும்!" என்று அந்த உயரமான பெடியனின் மூக்கில் குத்தினார் சுகந்தி. படம் பெரிதாகி அவனுடைய மூக்கு மட்டும் தெரிந்தது. "முதல் தாரத்துப் பிள்ளை! என்ரை பிள்ளையை ரெண்டாந்தாரமாய்க் குடுத்துப்போட்டியள்!"

மனேஜர் என் பக்கம் சாய்ந்து, பாதுகாப்பு ஆட்களைக் கூப்பிடவா என்று கேட்டார். வேண்டாம், சும்மா கதைத்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவர் நம்பவில்லை. கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை மெதுவாக மேசை நடுவுக்குத் தள்ளிவிட்டார்.

தகப்பன் அப்போதுதான் முதல் தடவை வாய் திறந்தார். "அக்கா, விடியத் தொடக்கம் எடுக்கிறம், பிள்ளை ஃபோனை எடுக்கிறாளில்லை. கதைச்சு வேலை இல்லை. இண்டைக்குப் பின்னேரம் ஃபிளைட். போக ரெண்டு ரிக்கற், வர மூண்டு ரிக்கற். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறம். படிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

மூன்று ரிக்கற். அதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயத்தின் கனம் விளங்கியது. பாதியில் வந்தால் அபிராவின் கோடை முழுதும் வீண். அதுகூடப் பரவாயில்லை, படிப்பை அடுத்த வருஷம் படிக்கலாம். அவள் வாழ்க்கையில் முதல் தடவை வீட்டுக்கு வெளியே காலை வைத்திருக்கிறாள். ஊர் பார்க்கத் தகப்பன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தால், அந்தக் கால் பிறகு எப்போதும் வாசலைத் தாண்டாது. அஜக்ஸிலும் ஸ்காபரோவிலும் "அபிராவுக்கு நடந்தது தெரியுந்தானே" என்று சொல்லிச்சொல்லியே இன்னும் பத்துப் பெட்டைகளை வீட்டுக்குள் வைத்திருப்பார்கள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

வெளியே ஓடிப்போய் அபிராவுக்கு அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தேன். அவள் தங்கியிருந்த வீட்டு அம்மா எலேனிக்கு அழைத்தேன். அவரும் எடுக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். அங்கே பின்னேரம் நாலு மணி. கோடையில் அந்தத் தீவில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடும். தொலைபேசி எடுப்பது கிடக்கட்டும், தெருவில் பலத்துச் செருமினாலே பழி. அஜக்ஸ் பற்றி எரிகிறது, கிரேக்கம் குறட்டை விடுகிறது.

திரும்பி உள்ளே வந்து, என் வேலைக்காலத்தின் மிக மோசமான வசனத்தைச் சொன்னேன். "பொதுவாய்ச் சொல்லுறன் சுகந்தி, கிரேக்கத்திலை இந்த நேரம் எல்லாரும் படுத்திருப்பினம்."

சுகந்தி எழுந்து நின்றுவிட்டார். "பட்டப்பகலிலை என்ன படுக்கை அக்கா?"

தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் எல்லோரும் இந்த இடத்தில்தான் பிழைவிடுவீர்கள். நம்முடைய ஆட்கள் கண்கலங்கி முன்னால் நிற்கும்போது வாயில் ஆறுதல்தான் முதலில் வரும். அப்பிடி ஒண்டும் இராது, யோசியாதேங்கோ, நல்ல குடும்பம். எனக்கும் நுனி நாக்குவரை வந்தது. ஆனால் எனக்கு என்ன தெரியும்? அந்தக் கட்டில் என்ன கட்டில் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி ஒரு தாயைத் தேற்றினால், நாளைக்கு அவருக்கு மகள் மேலும் நம்பிக்கை இருக்காது, என் மேலும் இருக்காது. மறுபக்கம் பார்த்தால், விதியைப் பிடித்துக்கொண்டு சுவர் மாதிரி இருந்தாலும் பின்னேரம் விமானம் ஏறிவிடுவார்கள். அரை மணித்தியாலமாக மூன்று பேரும் அந்தப் படத்தைப் பார்த்துச் சண்டைபிடிக்கிறோமே, அது என்ன படம் என்று அதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மனேஜரிடம் கேட்டேன். "படம் இவர்கள் கொண்டுவந்தது. இதில் இருப்பது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. இதில் இருப்பது என்ன சடங்கு என்று வெளியே ஒருவரிடம் கேட்கலாமா?" அவர் விதிகளை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "சடங்குக்குத் தனியுரிமை இல்லை" என்றார். அந்த மனுஷியை எனக்குப் பிடிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

சுகந்தியே படத்தைப் பழைய பொஸ்ஸுக்கு அனுப்பினார். நான் அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தேன். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கவேண்டும். பிறகு தண்ணீர் நின்றது.

"அடடா, கட்டில் போடுகிறார்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார். "ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கல்யாணமாக இருக்கும். அதற்கு முன்னால் ஒருநாள் மணமக்களின் கட்டிலைப் போடுவார்கள். சொந்தக்காரர் காசு எறிவார்கள், அரிசி எறிவார்கள். பிள்ளைப்பலன் கிடைக்கட்டும் என்று ஊரில் உள்ள கொழுத்த குழந்தையைப் பிடித்து அதில் உருட்டுவார்கள். இந்தக் குழந்தை நல்ல கொழுப்பு. யாருடையது?"

"அந்தப் பெடியன்?" என்றார் சுகந்தி, தமிழில். நான் மொழிபெயர்த்தேன்.

"தெரியாது. கட்டில் ஆடாமல் பிடிக்கிறவனாக இருக்கும். அவனை விடு. கட்டிலின் மேல் ஏறி விரிப்பைப் போட்டது யார்? பூ வைத்திருக்கிற இந்தப் பெண்ணா?"

"என்ரை மகள்" என்றார் சுகந்தி. இதை நான் மொழிபெயர்க்கவில்லை. விதி.

தகப்பன் ஆங்கிலத்தில், "எங்கள் மகள்" என்றார்.

"அப்படியென்றால் ஏன் எல்லோரும் செத்தவீடு மாதிரிக் கதைக்கிறீர்கள்? கல்யாணம் ஆனவளை அந்தக் கட்டிலைத் தொடவே விடமாட்டார்கள். கன்னிப் பெண்கள்தான் போடவேண்டும்."

சுகந்தி என்னைப் பார்த்தார். நான் தமிழில் சொன்னேன். திரும்பவும் ஒருதரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். பிள்ளைக்குக் கல்யாணம் நடந்துவிட்டது என்று சொல்ல அவர்கள் கையில் வைத்திருந்த ஒரே சாட்சி, நடக்கவில்லை என்று சொல்லும் சாட்சி. ரெக்ஸ்டேல் மாமி நல்லாய் இருக்கவேண்டும்.

பழைய பொஸ் இன்னும் நிறுத்தவில்லை. "கன்னிப் பெண் என்றாலும் எல்லோரையும் விடமாட்டார்கள். பழைய வழக்கம் பார்க்கிற வீடு என்றால் முதலில் ஒன்று கேட்பார்கள். தாய், தகப்பன் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிற பெண்தான் விரிப்பில் முதலில் கை வைக்கவேண்டும். இந்தப் பெண்ணுக்கு இருக்கிறார்களா?"

நான் மொழிபெயர்த்து முடிக்குமுன்னே தகப்பன் மேசையில் கையை வைத்து முன்னால் குனிந்தார். அந்த மஞ்சள் அங்கி முழுதும் தொலைபேசிக்கு மேலே வந்துவிட்டது.

"இருக்கிறம்" என்றார் தமிழில். பிறகு நினைவு வந்து ஆங்கிலத்தில், "வீ ஆர் ஹியர். போத்."

சுகந்தி கைக்குட்டைப் பெட்டியை இழுத்து எடுத்துக்கொண்டார். மனேஜருக்குத் தன் பெட்டி பயன்பட்டதில் பெரிய திருப்தி.

சுகந்தி அழுதது மகளுக்காக அல்ல. அவரே சொன்னார். "என்ரை கலியாணம் இஞ்சை ஸ்காபரோவிலை ஒரு ஹோலிலைதான் நடந்தது அக்கா. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஊரிலை யுத்தத்துக்குள்ளை ரெண்டு பேரும் செத்துப்போட்டினம். தாரை வாக்க ஆரோ ஒரு அங்கிளும் அன்ரியும் நிண்டவை. நல்ல மனுசர், இல்லையெண்டு சொல்லேல்லை. அவையின்ரை பேரும் எனக்கு இப்ப வடிவாய் நினைவில்லை." மூக்கைத் துடைத்தார். "அந்த ஊரிலை எண்டால் என்னை உந்தக் கட்டில் பக்கம் விட்டிருக்கமாட்டினம்."

நானும் ஒரு கைக்குட்டையை இழுத்தேன். மனேஜரும் ஒன்றை இழுத்தார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் அழுதார். நல்ல மனுஷி என்று சொன்னேனே.

அப்போது மேசையில் கிடந்த சுகந்தியின் தொலைபேசி அடித்தது, எல்லோருக்கும் கேட்கும்படி எடுத்தார். தீவு நித்திரையால் எழும்பிவிட்டது.

"அம்மா? What happened? ஏன் இத்தனை மிஸ்ட் கோல்? Is அப்பா okay?"

விடிந்ததும் விடியாததுமாக மூன்று ரிக்கற் வாங்கி, அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலை நெரிசலுக்குள்ளால் என்னைக் கொல்ல வந்த தாய் சொன்னார்: "ஒண்டுமில்லை பிள்ளை. சும்மாதான் எடுத்தன். சாப்பிட்டியோ?"

"அம்மா, listen. நேற்று கட்டில் போட்டனாங்கள். It was so fun. எலேனியின்ரை மகளுக்கு wedding. அவை எல்லாரையும் கேட்டவை, அம்மா அப்பா ரெண்டு பேரும் இருக்கினமோ எண்டு. நான் ஓம் எண்டன். என்னைத்தான் first விட்டவை! மற்ற girls எல்லாம் பிறகுதான்."

சுகந்தி இன்னொரு கைக்குட்டையை இழுத்தார். அதற்குள் தொலைபேசியில் வேறொரு குரல், தகரத்தைத் தட்டுகிற மாதிரி, கிரேக்கத்தில் படபடவென்று எதையோ கேட்டது. எலேனி.

"என்னவாம்?" என்றார் தகப்பன்.

அபிரா சிரித்தாள். "எலேனி கேக்கிறா, அம்மாவும் அப்பாவும் உயிரோடை இருக்கினம் எண்டால் ஏன் கலியாணத்துக்கு வரேல்லை எண்டு."

சுகந்தி கணவரைப் பார்த்தார். கணவர் கார்த் திறப்பைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ரிக்கற் இருக்கு" என்றார் அவர் மெதுவாக.

"பிள்ளை" என்றார் சுகந்தி தொலைபேசியில், குரலைச் சரிசெய்துகொண்டு, "வாறம் எண்டு சொல்லு. எத்தினை பேருக்குச் சமைக்கினம் எண்டு கேள். கட்லட் கொண்டுவாறன்."

அவர்கள் போன பிறகு மனேஜர் என்னிடம் கேட்டார், மாணவியைப் பற்றி ஏதாவது தகவல் வெளியிட்டேனா என்று. யோசித்துப் பார்த்தேன். படம் அவர்கள் கொண்டுவந்தது. சடங்கைச் சொன்னது ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. மற்ற எல்லாவற்றையும் சொன்னது அந்தப் பிள்ளையே. நான் சொன்னது கிரேக்கர்கள் மத்தியானம் படுப்பார்கள் என்பது மட்டும்தான், அதையும் சொல்லாமல் விட்டிருக்கலாம். விதியை நான் மீறவில்லை. பிள்ளைகளே, உங்களை ஒருநாளும் விதியை மீறச் சொல்லமாட்டேன். வாயை மூடச் சொன்னால் மூடுங்கள். அதற்காகக் காதையும் சேர்த்து மூடாதீர்கள், வந்தவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஒரு கிழமை கழித்து சுகந்தி ஒபிஸுக்கு வந்தார். கிரேக்கக் கல்யாணத்தில் கொடுக்கிற, வலைத்துணியில் கட்டிய வெள்ளைச் சீனிப் பாதாம், எனக்கு ஒரு பொட்டலம், மனேஜருக்கு ஒன்று. கல்யாண வீட்டில் எலேனியின் குசினிக்குள் புகுந்து கத்தரிக்காய்க் குழம்பு வைத்ததையும், இரண்டு பேரும் ஒரு சொல் விளங்காமல் இரவு முழுக்கக் கதைத்ததையும் சொன்னார். அந்த உயரமான பெடியன் மணமகளின் தம்பியாம், நல்ல பிள்ளையாம், ஆனால் வேலை இல்லையாம். அதையும் விசாரித்திருக்கிறார். அபிரா மிச்சக் கிழமைகளை முடித்துவிட்டுத்தான் வருவாள் என்றார், ஏதோ அதைத் தானே தொடக்கத்திலிருந்து தீர்மானித்திருந்த மாதிரி.

"திரும்பி வரேக்கை பிளேனிலை மூண்டு சீற்றுக்கு நாங்கள் ரெண்டு பேர்தான் அக்கா. பிள்ளைக்கு வாங்கின நடுச் சீற் சும்மா கிடந்தது. இவர் அதிலை சரிஞ்சு குறட்டை. அவரைத் தள்ளிப்போட்டு நான் அந்தச் சீற்றைப் பாத்துக்கொண்டு வந்தன்."

பாதாமை வாயில் போட்டுக் கடித்தார்.

"எனக்கு இவ்வளவு நாளும், வெறுமையாய்க் கிடக்கிற கதிரையைப் பாத்தால் அழுகைதான் வரும். இந்த முறை வரேல்லை. அதிலை இருக்கவேண்டியவள் உயிரோடை, சந்தோசமாய், வேறை இடத்திலை இருக்கிறாள் எண்டு பாத்துக்கொண்டே வந்தன்."